நுனி வெட்டிய கையுறை

புதுக் கையுறை வந்ததும் இவர் பத்து விரல்களின் நுனியையும் கத்தரித்து எறிந்துவிடுகிறார். "முழுசா மாட்டிக்கிட்டு வேரத் தொடுறது, சட்டையோட குளிக்கிற மாதிரி."

முலாம் பூசும் தொழிற்சாலையின் பின்புறம் மூன்று தொட்டிகள். கழிவுநீர் தேங்கும் அவற்றில் ஆகாயத்தாமரை அடர்ந்து மிதக்கிறது. நீரில் கரைந்துவரும் செம்பையும் நிக்கலையும் அதன் வேர்கள் உறிஞ்சிக்கொள்ளும். செடிகளைப் பிடுங்கி, உலர்த்தி, எரித்து, சாம்பலிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். எந்த நாளில் பிடுங்குவது என்று சொல்வதுதான் இவர் வேலை. முந்தினால் சாம்பலில் ஒன்றும் தேறாது. பிந்தினால் வேர் அழுகி, குடித்ததையெல்லாம் தண்ணீரிலேயே கக்கிவிடும். அப்போதும் மேலே இலை பச்சையாகத்தான் நிற்கும்.

"இலை நல்லா நடிக்கும். வேருக்கு நடிக்கத் தெரியாது. லேசா வழவழன்னுச்சா, அன்னிக்கே தூக்கிடணும்."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வேரை உருட்டி, கண்ணை மூடிக்கொள்வார். பதினெட்டு வருடமாக இப்படி நாடி பிடிப்பதால் தொழிற்சாலை முழுக்க இவருக்கு 'வைத்தியர்' என்றே பெயர். செடிகளைத் திட்டுவதும் உண்டு: "என்னடி, இன்னும் பசி அடங்கலையா?"

உலர்த்தும் தளத்தில் செடிகளைப் பரப்புவது இவர் மனைவி. சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட வேண்டும், வாயைத் தோள்பட்டையில்தான் துடைக்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் சட்டம். "அந்தத் தண்ணி பட்ட கை வாய்ப் பக்கம் போச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்." இவர் ஒருநாளும் அதை மீறியதில்லை. மூன்று தரம் சோப்புப் போட்ட பிறகும் கரண்டிதான்.

சில மாதங்களாக அந்த அம்மாள்தான் இவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறார். தேநீர்க் கடையில் ஆவி பறக்கும் டம்ளரை இவர் அப்படியே இறுகப் பிடித்திருக்க, பக்கத்திலிருந்தவர்கள் வியந்தார்கள்.

"ஏங்க, சூடு தெரியலையா?" என்று மனைவி மட்டும் தணிந்த குரலில் கேட்டார்.

"தெரியுது, தெரியுது. ஊரக் கூட்டாத."

போன மாதம் இரண்டாம் தொட்டி அழுகியது. இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று இவர் சொல்லியிருந்தார். வெளியேறிய நீரில் செம்பு எகிறிவிட்டது. மேற்பார்வையாளர் முதலில் சிரித்தார்: "என்ன வைத்தியரே, நோயாளி கையிலேயே போயிட்டானா?" பிறகு சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை ஆச்சுன்னா தொட்டிய மூடிட்டு மருந்து கலக்குற மெஷின வச்சிடுவாங்க. உங்களுக்கும் வேலை இருக்காது, உங்க வீட்டம்மாவுக்கும் இருக்காது. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

இன்று மூன்றாம் தொட்டி. வெளிச்சம் மங்கலாக இருக்கிறது. தூறல் விட்டு விட்டு விழுகிறது. இடுப்பளவு நீரில் நின்று ஒரு செடியைத் தூக்கி வேரை உருட்டுகிறார். மறுபடி உருட்டுகிறார். கை மாற்றி உருட்டுகிறார். உலர்த்தும் தளத்தில் மனைவியின் துடைப்பச் சத்தம் நின்றுவிட்டது.

"பிடுங்கலாமா, வேண்டாமா? சொல்லுங்க வைத்தியரே," என்கிறார் கரையிலிருந்து மேற்பார்வையாளர்.

"இருங்க சார், அவசரப்படுத்தாதீங்க."

கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறார். மோந்து பார்ப்பவர்போலக் குனிகிறார். கண்ணை மூடி, சொட்டும் வேரைக் கீழுதட்டில் வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெல்ல இழுக்கிறார்.