செவ்வாய்க்கிழமைக் காற்று

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய் வருவது நின்றதும், எங்கள் பங்குக் கிணற்றின் இறைப்பு இயந்திரம் உறங்கிப்போனது. மருதனார்மடத்துக்கு அருகே நாங்கள் நான்கு தோட்டக்காரர்கள் பங்கு போட்டு, தண்ணீர் இறைக்கப் பழைய தகரத்தில் ஒரு காற்றாடி செய்வித்துக் கிணற்றடியில் நட்டோம். தண்ணீர் முறை மட்டும் பழையபடியே இருந்தது. எனக்குச் செவ்வாய், பக்கத்துத் தோட்டத்து அண்ணைக்குப் புதன்.

அடுத்தடுத்து இரண்டு செவ்வாய் காற்றில்லாமல் தகரம் அசையவேயில்லை. என் வெங்காயம் மஞ்சளாகத் தொடங்கியது. புதனன்று காற்று பேய்போல் அடித்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“அண்ணை, இண்டைக்கு ஒருக்கால் தண்ணியை என்ரை பக்கம் விடுவியளோ?”

“முறை என்ரை. காத்து ஆரின்ரை எண்டு பங்கு போடேக்கை கதைக்கேல்லையே தம்பி,” என்று சிரித்தவர், வாய்க்காலை என் பக்கம் வெட்டிவிட்டார். “வாற செவ்வாய் காத்து அடிச்சா தண்ணி எனக்கு.”

“ஓம்” என்றேன்.

அந்தச் செவ்வாய் காற்று அடித்தது. என் பாத்திகள் மறுபடி காய்ந்து கிடந்தன. அவருடைய மிளகாயும் வாடி நின்றது. அவர் வரம்பில் வந்து நின்றார். வாய்க்காலை அவர் பக்கம் திருப்பினேன். தகரம் பின்னேரம்வரை சுழன்றது. நான் கொடுத்தது என் முறையையா, அவரிடம் வாங்கிய காற்றையா என்று அன்றும் விளங்கவில்லை, வெங்காயம் பாதி அழிந்தபிறகும் விளங்கவில்லை.