டிரைவரைக் கொன்ற கல்பனா

போன வெள்ளிக்கிழமை ஒரு கொலையை நேரில் பார்த்தேன். கைதட்டவும் செய்தேன்!

எங்கள் திருவொற்றியூர் வீட்டு மாடியில் குடியிருக்கும் கல்பனா, எம்.சி.ஏ. கடைசி வருஷம். கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தை அவளே எழுதியிருந்தாள்; அன்று அதற்கான புராஜெக்ட் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. "அக்கா, பயமா இருக்கு... நீங்களும் வாங்க" என்றாள். அவள் அப்பா தனசேகர் — துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர் — லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். காலேஜ் லேபின் கடைசி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம்.

பயப்படாமல் என்ன செய்வாள்? முதல் நாள் ஒத்திகையில் மூன்று முறையும் புரோகிராம் சொதப்பிவிட்டது. காலையில்தான் ஏதோ ஒரு வரியைத் திருத்தியிருந்தாள்.

தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மைக்ரோகெர்னல்னு போட்டிருக்கே... மத்த கெர்னலுக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"கெர்னல்தான் சிஸ்டத்தோட மூளை சார். வழக்கமான கெர்னல்ல ஃபைல், நெட்வொர்க், கருவிகளை இயக்குற டிரைவர் புரோகிராம் எல்லாமே உள்ளயே இருக்கும். ஒரு டிரைவர் தப்பு பண்ணினா மொத்த சிஸ்டமும் படுத்துடும். இதுல கெர்னல் ரொம்பச் சின்னது. மெமரியைப் பிரிச்சுக் கொடுக்கும், எந்த புரோகிராம் எப்போ ஓடணும்னு பாத்துக்கும், புரோகிராம்களுக்கு நடுவுல மெசேஜைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவ்ளோதான். டிரைவரெல்லாம் வெளியில, தனித்தனி புரோகிராமா ஓடும்."

"எங்கே, காட்டு."

பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து அவள் கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய ஃபைல் இறங்கிக்கொண்டிருந்தது. கல்பனா நிமிர்ந்தாள். "இப்போ நெட்வொர்க் டிரைவரைக் கொல்லப் போறேன் சார்!"

தனசேகர் துள்ளி எழுந்தார். "இன்னாம்மா சொல்ற? டிரைவரு இன்னா பாவம் பண்ணான்?"

லேபே குலுங்கிச் சிரித்தது.

"ஐயோ, இது வேற டிரைவரு... குந்து நைனா!"

டிரைவரை நிறுத்தும் கட்டளையைத் தட்டினாள். ஃபைல் நின்றது. ஒரு விநாடி... இரண்டு... நான்கு... நான் நகத்தைக் கடித்தேன்.

டிரைவர் தானாகவே மறுபடி எழுந்தது. ஃபைல் விட்ட இடத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. சிஸ்டம் அசையவே இல்லை!

"எதுக்கெடுத்தாலும் மெசேஜ்னா, ஸ்லோ ஆகாதா?" தேர்வாளர் விடவில்லை.

"ஆகும் சார். கொஞ்சம் ஸ்லோதான். ஆனா விழாது."

அவர் சிரித்துவிட்டார். கை குலுக்கினார். நான் கைதட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு விசில் பறந்தது. யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

வெளியே வந்ததும் மகளின் தலையைப் பிடித்து ஆட்டினார் தனசேகர். "சோக்கா பேசுன! ஒண்ணும் பிரியல, ஆனா சோக்கா கீது. வா, பிரியாணி துன்னலாம்!"

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து வைத்தால், ஒன்று தடுக்கினாலும் எல்லாம் கவிழும். ஆபீசுக்கும் இது பொருந்தும்... இல்லையா?

இதைக் கையால்தான் எழுதுகிறேன். காலையில் பிரின்ட்டரைச் செருகியதும், அதன் டிரைவர் சொதப்பி என் கம்ப்யூட்டர் மொத்தமாகப் படுத்துவிட்டது!