பழுது எந்தப் பக்கம்

அப்பா ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் ஜப்பானிய அதிகாரிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த அதிகாரி தம் நாட்டுக்குத் திரும்பிய அன்று, விமான நிலைய வாசலில் ஒரு துணிப்பையை அப்பாவின் கையில் திணித்து, இடுப்புவரை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பையில் இருந்தது இன்னதென்று கண்டுபிடிக்க வடக்குப்பட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு வாரம் பிடித்தது.

பார்வைக்கு அது ஒரு அகலமான செல்போன். இடப்பக்கம் நீலத்திலும் வலப்பக்கம் சிவப்பிலும் ஒரு கைப்பிடி. அப்பா தூக்கிப் பார்த்தபோதே நீலக் கைப்பிடி வழுக்கிக்கொண்டு தனியாகக் கழன்று வந்துவிட்டது. வந்த அன்றைக்கே உடைத்தாயிற்றா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கூடவே ஒரு கறுப்புப் பெட்டி வேறு இருந்தது. கருவியை அதற்குள் இறக்கினால் திரை அணைந்துபோகும். வெளியே எடுத்தால் விழித்துக்கொள்ளும். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், கேட்க வேண்டிய மனிதர் கடல் தாண்டிப் போயிருந்தார்.

எங்களைத் தெளியவைத்தவள் சித்தி. அம்மாவின் தங்கை, அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்களோடு தங்கி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தவள், புடவைகூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பிலிருந்த தண்டவாளம் போன்ற பள்ளத்தை நகத்தால் தடவினாள். இது வீடியோ கேம்; உடையவில்லை, கழற்றுவதற்கென்றே செய்தது என்றாள். கறுப்புப் பெட்டியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து டிவியின் முதுகில் செருகினாள். அணைந்துபோன படம் அத்தனை பெரிதாக டிவியில் வந்து நின்றது.

அப்படியானால் இது டிவியில் ஆடுவதா, கையில் வைத்து ஆடுவதா என்று அப்பா கேட்டார்.

"ரெண்டும்தான் மாமா."

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒரு சாமான் என்றால் ஒரு சாமானாக இருக்க வேண்டாமா? எனக்கோ வேறு குழப்பம். ஆட்டம் எங்கே இருக்கிறது? திரையிலா, பெட்டியிலா, கைப்பிடியிலா? திரைத் துண்டில்தான் எல்லாம் இருக்கிறது, பெட்டி வெறும் வழிப்பாதை என்றாள் சித்தி. ஒன்பது வயது மண்டைக்கு அது ஏறவில்லை. ஏறியது ஒன்றுதான்: இரண்டு கைப்பிடிகளையும் கழற்றிவிட்டால் ஆளுக்கு ஒன்று, இரண்டு பேர் ஆடலாம்.

உள்ளே இருந்தது ஒரு கார்ப் பந்தயம். கைப்பிடியைக் குறுக்காகப் பிடித்து, இடது கட்டைவிரலால் வண்டியைத் திருப்ப வேண்டும். வலது கட்டைவிரல் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் வண்டி நின்றுவிடும். சித்தியின் வண்டி ஒவ்வொரு பந்தயத்திலும் பாதியில் நின்றது.

பொத்தானை விடாதே என்று கத்தினேன்.

"வுடலடி. அழுத்திகினுதான் கீறேன்."

எட்டிப் பார்த்தேன். விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. வண்டி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

சித்தியின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகங்களைக் கோக்கிற லைனில் அவளுக்கு ஒரே வேலை. நகத்தின் அகலமுள்ள ஒரு பட்டை ஒயரைப் பள்ளத்தில் செருகி, அதன் குட்டி மூடியை வலது கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஷிப்டு முழுவதும் அது மட்டும்தான்; அந்த ஒயர் எதற்குள் போகிறது என்றுகூட அவள் முழுதாகப் பார்த்ததில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது சூப்பர்வைசர் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று டெஸ்ட் வைப்பார். அந்த மாதம் அவளுக்கு டெஸ்ட். தேறாவிட்டால் அன்றைக்கே அடையாள அட்டையைக் கேட்டில் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். வேலை இல்லாத பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று தாத்தா ஊருக்கு அழைத்து, கையோடு கல்யாணத்தை முடித்துவிடத் தயாராக இருந்தார். சித்திக்கு ஊரும் வேண்டாம், தாத்தா பார்த்துவைத்த மாப்பிள்ளையும் வேண்டாம். எங்கள் வீட்டு ஜெபத்தில் அவள் டெஸ்ட்டும் என் முழுஆண்டுப் பரீட்சையும் அடுத்தடுத்து வரும்.

லைனில் ஒரு வழக்கம் உண்டாம். ஒரு பாகத்தின் மேல் சந்தேகம் வந்தால் அதை வேறொன்றோடு மாற்றிப் பார்ப்பார்கள். பழுது அந்தப் பாகத்தோடு போனால் பாகம் கெட்டது. போகாவிட்டால் கோளாறு வேறெங்கோ. சித்தி அப்படியே செய்தாள். தன் நீலத்தை எனக்குக் கொடுத்து என் சிவப்பை வாங்கிக்கொண்டாள். நீலம் என் கையில் பறந்தது. அவள் கையில் சிவப்பு நின்றது.

எனக்குத் தலை சுற்றியது. பழுது நீலத்தோடு என்னிடம் வந்திருக்க வேண்டாமா? உட்காரும் இடத்தை மாற்றினோம். இரவெல்லாம் சார்ஜ் போட்டோம். எதைச் செய்தாலும் பழுது சித்தியிடமே போய் உட்கார்ந்தது. ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம் என்று அம்மா அடுப்படியிலிருந்து கேலி செய்தாள். சித்தி சிரிக்கவில்லை. வேறு கம்பெனிக்காரி என்பதால் கருவிக்கு அவளைப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

அதன்பிறகு தினமும் ஆட்டம்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல், "வாடி, இன்னொரு தபா பாக்கலாம்" என்பாள். பெரியவள் ஒருத்தி என்னை ஆட்டத்துக்குக் கெஞ்சுகிறாள் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். நடுநடுவே வலது கையை உதறிக்கொள்வாள். அது ராசிக்கு என்று நினைத்து நானும் உதறினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டெஸ்ட் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை, படப்பையில் செல்போன் பழுது பார்க்கிற கடைக்குக் கைப்பிடிகளை எடுத்துப்போகச் சொல்லி சித்தி அப்பாவைக் கேட்டுக்கொண்டாள். அவள் எதையும் கேட்கிற ஆள் இல்லை; அப்பா மறுபேச்சில்லாமல் என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். கடைக்காரர் இரண்டு கைப்பிடிகளையும் கம்ப்யூட்டரோடு சேர்த்து ஒவ்வொரு பொத்தானாக நெடுநேரம் அழுத்திப் பார்த்தார். அழுத்தும்போதெல்லாம் திரையில் ஒரு வட்டம் எரிந்தது. விட்டால்தான் அணைந்தது. ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினேன். சித்தி கொடியில் யூனிஃபாரத்தை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுமே நல்லா கீதாம் சித்தி."

"ரெண்டையும் பாத்தாரா?"

"ரெண்டையும் பாத்தாரு. ஒரு கொறையும் இல்லன்னாரு."

"அந்த அழுத்துற பட்டனு?"

"அதத்தான் ரொம்ப நேரம் பாத்தாரு. அதுவும் நல்லா கீது."

சித்தி துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை எடுத்து வலது கையால் அழுத்தினாள். அது வாய் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு அப்படியே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, சத்தமே வராமல் அழ ஆரம்பித்தாள்.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கருவியில் பழுது இல்லையென்றால், இனி தோற்பதற்குச் சாக்கு இல்லையே. இத்தனை பெரியவள் ஒரு ஆட்டத்துக்காக அழுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அழாத சித்தி. திங்கக்கெழம நானே தோத்துடறேன்."

அவள் என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். எவ்வளவு பெரிய மனசு எனக்கு என்ற திருப்தியோடு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.