மாவு கேட்டுக்கிட்டிருக்கு

மக்காச்சோளத் தோலை நீளவாக்கில் கிழித்து, அண்டாவின் இரண்டு காதுகளிலும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார் டோனா ஒப்துலியா. இந்த முடிச்சு இருந்தால்தான் வீட்டாரின் கோபம் உள்ளே வேகும் தமால்களை அண்டாது. அண்டிவிட்டால், தோலில் பொதிந்த சோளமாவு எத்தனை நேரம் ஆவி பட்டாலும் பச்சையாகவே நிற்கும். மெக்சிகோவில் எங்கள் புவேப்லா ஊர் முழுக்க இதை நம்புகிறார்கள். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் நானும்தான்.

இடுப்புயரத் தகர அண்டா. வருடத்தில் ஒருநாள், கண்டெலாரியா திருநாளுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும். அது அடுப்பேறிவிட்டால் வீட்டுக்குள் யாரும் குரல் உயர்த்தக் கூடாது. யாரையாவது திட்டியே ஆகவேண்டுமென்றால் முற்றத்து எலுமிச்சை மரத்தடிக்கு அழைத்துப் போவார். சோளம் அரைக்கிறவருக்கு அங்கேதான் விழும். குழாயை மூட மறந்த எனக்கும் அங்கேதான் விழுந்தது. முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு சிரித்தபடி உள்ளே வருவார்.

ஐம்பது தாண்டியபின் வீட்டிலிருந்தே பள்ளிப்படிப்பை முடிக்கிறார். கணக்கு ஒன்றுதான் பாக்கி. சான்றிதழ் மாட்டக் கூடத்தில் ஆணிகூட அடித்தாயிற்று. அதில் நாத்தனார் நிக்கனோரா மாவுச் சல்லடையை மாட்டிவைத்தார். ஒப்துலியா அதைத் தொடவில்லை. "தொங்கட்டும். ஆணி தாங்குமான்னு பாக்கலாம்."

இந்த ஆண்டு வாய்மொழித் தேர்வும் திருநாளும் ஒரே காலையில் வந்தன. மடிக்கணினியில் ஆசிரியையின் அழைப்பு வரும்போது ஆள் இல்லையென்றால் கணக்கை முதலிலிருந்து படிக்க வேண்டும். அண்டா ஆவி விடத் தொடங்கியது. கூடத்து மேசையில் மடிக்கணினி வைஃபையை விட்டுவிட்டது.

"நேத்து வரைக்கும் ஓடிச்சே, தம்பி."

அடுப்படி ஜன்னல் மேடையிலிருந்த ரூட்டரை அணைத்துப் போட்டேன். மடிக்கணினியையும் அணைத்துப் போட்டேன். கடவுச்சொல்லை, அதாவது போன கிறிஸ்துமஸுக்குக் குழம்பான சேவலின் பெயரை, மறுபடி அடித்தேன். ஒரு கோடு வந்தது, போனது. பதற்றத்தில் என் குரல் ஏறியது.

"மெதுவா, மெதுவா. மாவு கேட்டுக்கிட்டிருக்கு." மிச்சமிருந்த தோலால் ரூட்டரின் கொம்புக்கும் ஒரு முடிச்சுப் போட்டார். அதற்கும் அது மசியவில்லை.

"அண்ணி, அந்தப் பெட்டிக்கே தெரிஞ்சுபோச்சு, உங்களுக்கு இனிமே கணக்கு ஏறாதுன்னு," என்றார் நிக்கனோரா.

"நீ சொன்னா சரிதான், கண்ணு." அவர் அத்தனை தேனாகப் பேசி நான் கேட்டதில்லை. கழுத்து மட்டும் சிவந்தது. மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "வாடா வெளியே," என்றார் அதனிடம்.

மரத்தடியில் அதை நாற்காலியில் உட்கார வைத்தார். "தண்டத்துக்குக் கரண்டு குடிக்கிற கழுதை. உன்னை நம்பி நான் பின்னமெல்லாம் படிச்சேன் பாரு, என்னைச்…" திட்டு பாதியில் நின்றது. "தம்பி, கோடெல்லாம் முழுசா நிக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரூட்டருக்கும் கூடத்துக்கும் நடுவே, தகரமும் தண்ணீருமாக அண்டா மதில்போல் நிற்கிறது. முற்றத்துப் பக்கம் வெறும் ஜன்னல்.

"அண்டாவைக் கொஞ்சம் நகர்த்திட்டா…"

"வேகுறதை நகர்த்துறதா? நல்லாத்தான் படிச்சீங்க."

ஒப்துலியா சொல்லி முடிப்பதற்குள் அழைப்பு வந்தது. மரத்தடியிலேயே உட்கார்ந்தார். கேள்விகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாக ஆசிரியை கேட்டார்: "ஆறுல அஞ்சு, நாலுல மூணு. எது பெருசு?"

ஒப்துலியா கண்ணை மூடிக்கொண்டார். மடியில் விரல்கள் இல்லாத மாவைத் துண்டு போட்டன. ஜன்னலுக்குள் நிக்கனோராவின் கரண்டியும் நின்றுவிட்டது.

"ஆறுல அஞ்சு, டீச்சர். மிச்சம் நிக்கிற துண்டு அதுலதான் சின்னது."

"தேறிட்டீங்க, டோனா ஒப்துலியா."

மடிக்கணினியை மூடினார். குழாயில் முகம் கழுவினார். கூடத்துக்குப் போய் ஆணியிலிருந்து சல்லடையைக் கழற்றி, ஒட்டியிருந்த பழைய மாவை ஊதி, அதே தேன் சிரிப்போடு நிக்கனோராவின் கையில் கொடுத்தார்.