போ சாமி

பென்னாகரம் அருகே காட்டோரமாக ஒன்றரை ஏக்கரில் கேழ்வரகு போடும் சாலம்மாள், பதினோரு வருடம் பரண்மேல் காவல் இருந்தவள். இடது காது கிழிந்த கொம்பன் யானை ஒன்று வருடம் தவறாமல் வரும். தகரத்தைத் தட்டி, "போ சாமி, போ" என்று கத்துவாள். ஒருமுறை பதற்றத்தில் எறிந்த தீப்பந்தம் அதன் முகத்தில் பட்டுவிட்டது. அடுத்த மாதமே அதைப் பிடித்து யானை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கண் போயிருக்குமோ என்ற கவலை அவளை விடவில்லை.

நான்கு வருடம் கழித்து, போன ஐப்பசியில், மகன் முருகேஷோடு அந்த முகாமுக்குப் போனாள். பகல் பன்னிரண்டேகாலுக்குத் தீனி கொடுக்கக் கொம்பனைக் கூட்டி வந்தார்கள். வலது புருவத்தில் தழும்பு இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாகன் ஒரு களி உருண்டையை அவள் கையில் கொடுத்து, "ஏதாச்சும் சொல்லிக் கூப்பிடுங்கம்மா" என்றார்.

அதனிடம் அவள் பேசிப் பழகிய பேச்சு ஒன்றுதான். "போ சாமி" என்று வாயில் வந்துவிட்டது. யானை காதை விரித்து இரண்டடி பின்வாங்கியது.

"ஏம்மா, தொரத்தறதுக்கா இவ்ளோ தூரம் வந்தே?" என்றான் முருகேஷ்.

சாலம்மாள் சிரிக்கவில்லை. உருண்டையை நீட்டி, "இன்னிக்குக் காவலுக்கு வரலீங்க சாமி. வாங்க" என்றாள்.

கை கடுத்தும் இறக்காமல் நின்றாள். ஆறேழு நிமிடம் கழித்துத் துதிக்கை நீண்டது.