தாழ மாட்டச் சொன்ன விளக்கு

வெங்காயப் பேட்டைப் படிக்கட்டில் ஷாகுல் பாய் விழுந்துவிட்டார் என்ற செய்தி விடிகாலையில் டீக்கடைக்கு வந்தது. டீ ஆறுவதற்குள் அவர் இறந்த செய்தியும் வந்தது. எந்தப் படி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அந்தப் பேட்டையில் ஆயுசெல்லாம் மூட்டை சுமந்தவன் நான். எழுதத் தெரியாது, நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள். கோபத்தைக் குறைத்து எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன்.

திண்டுக்கல்லில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தவர் பாய். பல்பு கேட்டால் உடனே தரமாட்டார். "எந்த இடத்துக்கு? அதுக்குக் கீழ என்ன வேலை நடக்கும்?" என்பார். முதன்முதலில் போனபோது, "இருக்கிறதுலயே பெருசாக் குடுங்க, அடுப்படிக்கு" என்றேன்.

"மூக்கையாண்ணே, பல்பு உங்க வீட்டம்மா முதுகுக்குப் பின்னாடி எரியுதா?"

"ஆமா."

"அப்பச் சட்டிக்குள்ள அவங்க நிழல்தான் வேகும். சின்ன எல்இடி போதும், அடுப்புக்கு முன்னால மாட்டுங்க. கரண்டும் கம்மி."

மாட்டிய அன்று என் மனைவி சொன்னாள்: "இம்புட்டு நாளா வெஞ்சனத்துல என்ன கெடக்குன்னு தெரியாமத்தான் தின்னுருக்கீக!"

பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் கண்ணைப் பறிக்கும் வெள்ளை லைட் கேட்டபோது, "இதுல உங்க பிரியாணி பழைய சோறாட்டம் தெரியும். மஞ்சள் கொண்டு போங்க" என்று விலை குறைந்ததைக் கொடுத்தனுப்பினார்.

பிறகு பேட்டை வியாபாரிகள் சங்கத்தில் பேட்டைக்குப் புது லைட் வாங்கினார்கள். கரண்டை மிச்சம் பிடிக்கிறோம் என்று பழைய விளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு, படிக்கட்டுக்கு மேலே குடோன் நெற்றியில் ரோட்டைப் பார்த்து ஒரே ஒரு ராட்சச எல்இடி. மூட்டையோடு ஏறுகிறவன் கண்ணில் அது அடிக்கும். காலடியில் படி தெரியாது.

பாய் சங்கச் செயலாளரிடம் நேரே போனார். "அம்புட்டுப் பெருசு எதுக்குங்க? பக்கச் சுவத்துல தாழ ரெண்டு சின்ன பல்பு மாட்டுங்க. கரண்டு இதுல பாதிகூட ஆகாது."

"பாய்க்கு ரெண்டு பல்பு விக்கணுமாம்ப்பா!" என்றார் செயலாளர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சும்மாவே தாரேன். மாட்டுவீகளா?"

அதற்கும் சிரித்தார்கள். மாட்டவில்லை. அதே படியில்தான், வீட்டுக்கு வெங்காயம் வாங்க ஏறிய பாய் விழுந்தார்.

அடக்கம் முடிந்த மாலை, அந்தப் படிக்குப் பக்கத்திலேயே சங்கத்தின் சார்பில் ஆளுயரப் பிளெக்ஸ் வைத்தார்கள். 'விளக்கு அணைந்தது' என்று போட்டிருப்பதாக ஒருவர் வாசித்துச் சொன்னார். அணையவில்லை ஐயா! எரிந்துகொண்டுதான் இருந்தது, அவர் கண்ணுக்கு நேராக. உயிரோடு இருந்தவர் காலடிக்கு ஒரு பல்பு மாட்ட மனசு வராதவர்கள், அவர் படத்துக்கு மூங்கில் நட்டு, இடுப்புயரத்தில் தனி லைட் கட்டியிருந்தார்கள்.

நான் போய் அந்த லைட்டைப் படிப் பக்கம் திருப்பினேன்.

"யோவ் பெருசு, பாய் மூஞ்சி தெரியலைய்யா!" என்று கத்தினார் செயலாளர்.

"படி தெரியுதுல்ல?" என்றேன். திருப்பி வைக்க யாரும் கிட்டே வரவில்லை.

பாய், உங்கள் முகத்தை இருட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பக்கத்திலிருந்து, தாழ, நீங்கள் சொன்ன மாதிரியே அடிக்கிறது வெளிச்சம். மூட்டைக்காரர்கள் படியைப் பார்த்து ஏறுகிறார்கள். போய் வாருங்கள்.