சித்தப்பா அடித்த வரி

சித்தப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். சிவப்பால் எங்கள் கட்டுரைகளில் எழுத்துப் பிழையைத் திருத்துவார், நீலத்தால் வரியையே அடித்துவிடுவார். முதலில் சிவப்பு முனைதான் சீக்கிரம் தேயும். எங்கள் தமிழ் அந்த லட்சணத்தில் இருந்தது. மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் நீல முனை வேகமாகத் தேயத் தொடங்கியது. எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம், அதனால் அது என் கண்ணில் பட்டது. ஆனால் ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

எங்கள் ஊரில் காஜா பெராங் பகுதியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, பலகை போட்ட மாடியில், எங்கள் மாணவர் மன்றம் கூடும். பெயருக்குத்தான் மாணவர். பாதிப் பேர் பள்ளியை விட்டு வேலைக்குப் போய்க்கொண்டே ஏதாவது ஒரு பரீட்சைக்குப் படிப்பவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் கட்டுரை வாசிக்க வேண்டும். சமயம், தத்துவம், இலக்கியம், இந்த மூன்றில் ஒன்று. உலகம் முதலா உயிர் முதலா என்று ஒருவன் ஆரம்பித்தால் கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் அடங்கும்வரை உயிர் காத்திருக்கும். இலக்கியத்தில் காதல் என்று தபால் கந்தோரில், அதாவது தபாலாபீசில், வேலை பார்த்த பையன் ஒருவன் எழுதினால், எந்தப் பெண்ணை நினைத்து எழுதினான் என்று ஆராய்வதில்தான் மற்றவர்களுக்கு அக்கறை. பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மாள் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்பார். சிட்டிகள் தலைமுறைகளாக மலாய் பேசும் பழைய இந்து வம்சம், அவருக்குத் தமிழ் தெரியாது. கோயிலில் கேட்கிற பாஷை என்பதால் நாங்கள் ஏதோ பூஜை செய்கிறோம் என்றே நெடுநாள் நினைத்திருந்ததாக என்னிடம் மலாயில் சொல்லியிருக்கிறார்.

மன்றத்துக்குச் செயலாளர் என் சித்தப்பா. அப்பா நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே போய்விட்டார். அம்மாவையும் என்னையும் சித்தப்பாவும் சித்தியும்தான் தங்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். சித்தப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. கட்டுரை எழுதியவர் முதல் பிரதியை அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அடிக்க வேண்டியதை அடித்துக் காட்டுவார். நாம் நல்ல பிரதி எடுத்துக்கொண்டு, அடித்த பிரதியை அவரிடமே திருப்பித் தந்துவிட வேண்டும். அதைப் பத்திரமாக வைப்பதாகச் சொல்வார். எங்கே வைக்கிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலச் சட்டம் இன்னும் நீக்கப்படாத காலம். பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தாலும் போலீசில் பர்மிட் வாங்க வேண்டும், அந்த அலைச்சலும் சித்தப்பாவுடையதுதான். கூட்டத்துக்கு முந்தின வாரம் ஸ்டேஷனுக்குப் போய் வருவார். வந்ததும் குளித்துவிட்டுத்தான் யாரிடமும் பேசுவார்.

அந்த ஆண்டு ஒரு மனிதர் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தார். யாரும் அழைக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாசிப்பதையெல்லாம் ஒரு சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். தேத்தண்ணி கொடுத்தால் வாங்கிக்கொண்டு தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். இரண்டாவது முறை வந்ததுமே, கூட்டம் முடிந்து சைக்கிள் கடை வாசலில் நின்று அவரைப் பற்றிப் பேசினோம்.

“மாத்தா ஆளுதான்லா. செருப்பப் பாரு, அரசாங்கத்துச் செருப்பு” என்றான் தபால் கந்தோர்ப் பையன். மாத்தா என்றால் எங்கள் ஊரில் போலீஸ். சாதாரணச் செருப்புதான் அது, ஆனால் அவன் சொன்ன பிறகு எனக்கும் அரசாங்கச் செருப்பாகவே தெரிந்தது. அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தோம். இருமினால் சந்தேகம், இருமாவிட்டால் அதைவிடச் சந்தேகம். கட்டுரைகளும் சப்பென்று ஆகிவிட்டன. எல்லாரும் அன்பே சிறந்தது, ஒற்றுமையே பலம் என்று எழுத ஆரம்பித்தார்கள். அதை எந்தப் போலீஸ்காரன் ஆட்சேபிப்பான்?

என் முறை வந்தது. பக்தியும் அச்சமும் என்று தலைப்பு வைத்துக்கொண்டேன். அப்போது நான் தமிழ்ப் பள்ளியில் பயிற்சி ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அந்த வேலை கிடைக்காவிட்டால் குருபோங் பக்கம் ஒரு தோட்டத்துக் கிராணிக்கு என்னைக் கட்டிக்கொடுப்பதாக அம்மா ஏறக்குறைய வாக்குக் கொடுத்திருந்தாள். எனக்கு அந்த மனிதரிடம் ஒரு குறையும் தெரியாது. என் சம்பளத்தில் என் சோறு சாப்பிட வேண்டும் என்ற வெறி மட்டும் இருந்தது. மனுப் போட்டவர்களைப் பற்றிப் போலீஸ் விசாரிக்கும், அவர்கள் சரி என்றால்தான் வேலை. அது தெரிந்தும் கட்டுரையில் ஒரு வரி எழுதினேன்: பயந்து கும்பிடுகிறவன் கடவுளைக் கும்பிடவில்லை, தன் பயத்தையே கும்பிடுகிறான், கடவுளின் இடத்தில் அரசாங்கத்தை வைத்தாலும் கணக்கு மாறாது. எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அதுவரை நான் எழுதியதெல்லாம் எங்கோ படித்தது. இது மட்டும் என்னுடையது.

சித்தப்பா அதை நீலத்தால் அடித்தார். ஒரு கோடு அல்ல, மேலும் கீழுமாக மூன்று கோடு. நான் சண்டை போட்டேன். சாப்பிடாமல் இருந்தேன். ஒரு வரியில் என்ன தப்பு, தப்பான வரியா அது என்று கேட்டேன்.

“நல்ல வரிதாம்மா. அதனாலதான் அடிக்கிறேன்” என்றார்.

அவரை எதிர்த்து வாசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வரி இல்லாமல் நல்ல பிரதி எடுத்தேன், அந்த வரி இல்லாமல்தான் கூட்டத்தில் வாசித்தேன். கடைசி வரிசைக்காரர் அன்று வழக்கத்தைவிட அதிகமாகக் குறித்துக்கொண்டார். சித்தப்பா கண்ணை மூடியபடி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் எனக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. வேலை மனு விஷயமாக வந்து போகும்படி சொல்லியிருந்தார்கள். வேறு யாரையும் இப்படிக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. அம்மா அழுதாள். மன்றத்தில் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை, கடைசி வரிசைக்காரர்தான் போட்டுக்கொடுத்தார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அந்த மனிதர் படியேறி வந்தபோது மூன்று பேர் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

“அண்ணே, இது படிக்கிறவங்க கூடுற இடம். இனிமே வராதீங்க” என்றான் தபால் கந்தோர்ப் பையன்.

அவர் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். சித்தப்பா மாடியிலேயே இருந்தார். நடந்ததைப் பார்த்தார், தடுக்கவில்லை. நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனில் என்னிடம் பேசியவர் தமிழ் தெரிந்த அதிகாரி. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அவர் எதிரே மேசையில் ஒரு தாள் கவிழ்ந்து கிடந்தது.

“பயப்படாதம்மா. வேலைக்கு மனு போட்டிருக்கே, நாங்க ரெண்டு வார்த்தை கேக்கணும்ல” என்றார். பிறகு அந்தத் தாளைத் திருப்பி, நான் எழுதிய வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தார். பயந்து கும்பிடுகிறவன் என்று தொடங்கி, கணக்கு மாறாது என்பதுவரை. அவர் வாயில் அது வேறு மாதிரி இருந்தது. “இது நீ எழுதினதுதானே?”

“ஆமா சார்.”

“அப்புறம் நீயாவே யோசிச்சு, சரியில்லன்னு அடிச்சிட்டே. அப்படித்தானே?”

இல்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. இல்லை என்றால் வேலை போகும். அது மட்டுமல்ல, நானே அடித்தேன் என்று இவரிடம் சொன்னவர் யாரோ அவரும் பொய்யராவார். ஆமாம் என்றால் அந்த வரி என்னுடையது இல்லை என்று நானே சொன்ன மாதிரி.

“ஆமா சார். தப்புன்னு தோணிச்சு, அடிச்சிட்டேன்” என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். போகலாம் என்றார். சித்தப்பா பென்சிலால் ஒருமுறை அடித்த வரியை நான் வாயால் இன்னொருமுறை அடித்துவிட்டு வெளியே வந்தேன்.

வெயிலில் நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடைசி வரிசைக்காரர் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்க முடியும். அந்த வரியை நான் கூட்டத்தில் வாசிக்கவே இல்லை. அம்மாவுக்கும் சித்திக்கும் படிக்கத் தெரியாது. முதல் பிரதியைப் பார்த்தவர்கள் நானும் சித்தப்பாவும்தான்.

வழிநெடுக அவருக்காக நானே வாதாடிக்கொண்டு வந்தேன். பர்மிட் வேண்டுமானால் கட்டுரைகளைக் கொண்டுவா என்று அவர்கள் மிரட்டியிருக்கலாம். கொடுக்காவிட்டால் அவருடைய கிராணி வேலைக்கே ஆபத்து வந்திருக்கலாம், அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டோம். அப்படியானால் நல்ல பிரதியைக் கொடுத்திருக்கலாமே, அடித்த பிரதியை ஏன் கொடுத்தார்? அதையேதான் கேட்டு வாங்கினார்களோ என்னவோ. இல்லை, அடித்ததைக் காட்டினால்தான் தான் எவ்வளவு ஜாக்கிரதையான செயலாளர் என்று அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தாரோ? அப்படி நினைத்தவர் அதை நான் அடித்ததாக ஏன் சொல்ல வேண்டும்? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கேள்வி வழி மறித்தது.

வீட்டில் சித்தப்பா வேலை முடிந்து வந்து, சாரோங் கட்டிக்கொண்டு பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா கேட்டாங்க?”

“கட்டுரையைப் பத்திக் கேட்டாங்க.”

“சரி. சாப்பிட்டுட்டுப் படு” என்றார். அதுவரை நான் மன்றத்தில் நான்கைந்து கட்டுரை வாசித்திருந்தேன். எந்தக் கட்டுரை என்று அவர் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து அம்மாதான் கேட்டாள், “எந்தக் கட்டுரைடி? அதுக்கு எதுக்கு ஸ்டேஷனுக்குக் கூப்புடணும்?” என்று.

மன்றத்தில் போய், போட்டுக்கொடுத்தது அந்த மனிதர் இல்லை, அவரைக் கூப்பிடுங்கள் என்றேன். அப்படியானால் யார் என்றார்கள். நான் படியிறங்கி வந்துவிட்டேன். ஒருநாள் ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் ஒரு துணிக்கடையில் அவரைப் பார்த்தேன். சேலைத் துணியை முழம் போட்டுக்கொண்டிருந்தார்.

“மன்றத்துக்கு வாங்கண்ணே. நாங்க தப்பா நினைச்சிட்டோம்” என்றேன்.

“நமக்கு எதுக்கும்மா அதெல்லாம். உனக்கு என்ன துணி வேணும்?” என்றார். அவர் எதற்காக வந்தார், எதற்காகக் குறித்துக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், அவர் மேலும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிடவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது. சிரம்பான் பக்கம் ஒரு தோட்டப் பள்ளி. சித்தப்பா சொன்ன பொய்யால் கிடைத்த வேலை, அந்தப் பொய் தேவைப்பட்டதும் அவரால்தான். நன்றி சொல்வதா சண்டைக்குப் போவதா என்று தெரியாமல் கிளம்பும் நாள்வரை அவரோடு ஒரே வீட்டில், ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். இன்று அவர் இல்லை. எங்கள் ஊரில் தமிழ் விழா நடந்தால் இப்போதும் யாராவது எழுந்து, அந்தக் கஷ்ட காலத்தில் ஒரு கூட்டம்கூட நிற்காமல் மன்றத்தை நடத்திக் காட்டியவர் என்று அவரைப் பாராட்டுகிறார்கள். உண்மைதான், ஒரு கூட்டம்கூட நின்றதில்லை. நானும் கை தட்டுகிறேன். எத்தனை பேருடைய முதல் பிரதிகள் அந்த ஸ்டேஷனுக்குப் போயின என்று தட்டும்போதே யோசிக்கிறேன். பள்ளியில் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளை ஓய்வு பெறும்வரை திருத்தினேன். என் சொந்த வரி ஒன்றைக்கூட அதன்பிறகு எவர் கையிலும் கொடுத்ததில்லை, இப்போது எழுதும் இதைத் தவிர.

கிளம்பிய அன்று காலையில் பெட்டி வாசலில் இருந்தது. சித்தப்பா சாமி படத்துக்கு முன்னால் விபூதித் தட்டோடு நின்றார்.

“சித்தப்பா கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போ. அப்பா இருந்த எடத்துல இருக்கிறவரு” என்றாள் அம்மா.

விழக் கூடாது என்று முந்தின இரவே முடிவு செய்திருந்தேன். அம்மா முகத்தைப் பார்த்ததும் அந்த முடிவு நிற்கவில்லை. குனிந்தேன். என் கை அவர் பாதத்தைத் தொடப் போன சமயம், அவர் காலை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். முதுகு சுவரில் இடித்தது. தட்டிலிருந்த விபூதி தரையில் சிந்தியது.

“வேணாம்மா. எனக்கு வேணாம். சாமியக் கும்பிட்டுட்டுப் போ” என்றார்.

“கூச்சத்தப் பாரு இவருக்கு” என்று சித்தி சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். நான் வெறும் சிமெண்டுத் தரையில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதுவரை என்னிடம் இருந்தது சந்தேகம்தான். வேண்டுமென்றே அதைச் சந்தேகமாகவே வைத்திருந்தேன். சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் மேல் பிரியமாகவும் இருந்துவிடலாம். காலை இழுத்துக்கொண்டபோது அவர் அந்தச் சந்தேகத்தையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார்.